வாய்க்கு வாய், காதுக்குக் காது

காற்று அடிக்கிறதா இல்லையா என்பதை இனி யாரும் முகத்தை வெளியே நீட்டி முடிவு செய்யக் கூடாது. கணினி சொல்வதே காற்று என்று படகுப் போக்குவரத்துத் தலைமையகம் ஆணை பிறப்பித்தது. ஃபாரோ தீவுகளில் ஒரு சின்னத் துறைமுகத்தின் பொறுப்பாளர் ஹியால்கிரிம் அதை மனமார வரவேற்றார். முகத்தை நீட்டி நீட்டி அவருக்கு மூக்கு நிரந்தரமாகச் சிவந்துபோயிருந்தது.

பெட்டியில் இரண்டு கருவிகள் வந்தன. ஒன்றில் சுழலும் கிண்ணங்கள், வேகம் சொல்ல. மற்றதில் ஒரு வால், திசை சொல்ல. இரண்டையும் சீரியல், அதாவது வரிசைக் கேபிள் வழியாகக் கணினியோடு இணைக்க வேண்டும். எண்கள் முண்டியடிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வரிசை என்றதுமே ஹியால்கிரிமுக்கு மரியாதை வந்துவிட்டது.

கருவிப் பக்கமும் கணினிப் பக்கமும் கம்பிகளில் ‘பேச’, ‘கேட்க’ என்று குறி இருந்தது. அவர் பேசும் கம்பியைப் பேசும் கம்பியோடும், கேட்கும் கம்பியைக் கேட்கும் கம்பியோடும் சேர்த்துக் கட்டினார். இவ்வளவு ஒழுங்காக உலகத்தில் எதுவும் இணைக்கப்பட்டிருக்காது என்று தோன்றியது. திரையில் மூன்று கோடுகள் வந்தன. எண் வரவில்லை.

மறுநாள் மதியம் அக்கரைத் தீவில் அவர் மகள் மைபிரித்துக்குக் கல்யாணம். கடல் தட்டில் ஊற்றிய பாலைப் போல அசையாமல் கிடந்தது. வெள்ளிப் பொத்தான் வைத்த உடுப்பும், கக்கத்தில் சீதனமாக ஓர் உலர்ந்த ஆட்டுத் தொடையுமாக அவர் தலைமையகத்தைத் தொலைபேசியில் அழைத்தார்.

“எண் வரலைன்னா காத்து எவ்வளவுன்னு தெரியாது,” என்றார் பெண் அதிகாரி பெர்க்லியோட். “தெரியாத காத்தைப் புயலாத்தான் கருதணும். படகு கிளம்பக் கூடாது.”

“அம்மா, இங்க வாத்து இறகுகூட அசையல.”

“அது உங்க சொந்த அபிப்பிராயம்.”

“அப்போ பழுது பாக்க ஆளையாவது அனுப்புங்க.”

“அனுப்பியாச்சே. அக்கரையில படகுக்காகக் காத்திருக்கார்.”

படகோட்டி துரோண்டூர் உள்ளே எட்டிப் பார்த்தார். “யோவ், கிளப்பட்டுமா? அரை மணி நேரப் பாடு.”

“புயல்ல எப்படிய்யா கிளப்புவே?”

துரோண்டூர் கடலைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். “உன் பொண்ணு கல்யாணம்யா!”

“ஆணை எல்லாருக்கும் ஒண்ணுதான்.” ஹியால்கிரிம் வெள்ளிப் பொத்தானை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

மகளே தொலைபேசியில் கூப்பிட்டாள். “அப்பா, பாதிரியார் எவ்வளவு நேரம்தான் நிப்பார்? கம்பியை எப்படி இணைச்சீங்க?”

“கச்சிதமா. பேசுறது பேசுறதோட, கேக்குறது கேக்குறதோட.”

“ரெண்டு வாயைச் சேத்துக் கட்டினா எந்தக் காதுப்பா கேக்கும்? நீங்களும் அம்மாவும் இத்தனை வருஷமா அப்படித்தானே குடும்பம் நடத்துறீங்க!”

ஹியால்கிரிம் கம்பிகளை மாற்றிக் கட்டினார். திரையில் எண் வந்தது: ஒன்று. ஆட்டுத் தொடையை எடுத்துக்கொண்டார்.

“ரொம்ப சந்தோஷம்,” என்றார் தொலைபேசியில் பெர்க்லியோட். “பழுது பார்த்த கருவியை மூணு மணி நேரம் கவனிச்ச பிறகுதான் நம்பணும்.”

கவனித்தார். இரண்டாம் மணி நேரத்தில் மேற்கே வானம் கறுத்தது. மூன்றாம் மணி நேரம் முடிந்து கருவி முழு நம்பிக்கைக்கு உரியதானபோது அது இருபத்திரண்டு காட்டியது. வெளியே கூரைத் தகடு ஒன்று பறந்து போயிற்று. படகு இம்முறையும் கிளம்பவில்லை. ஆனால் முறைப்படி கிளம்பவில்லை.

பாதிரியார் அதற்கு மேல் பொறுக்கவில்லை. கல்யாணத்தைத் தொலைபேசியில் கேட்கச் சொன்னார்கள். அக்கரையில் தேவாலயமே கூடி இவருக்கு வணக்கம் கத்தியது. இவர் இங்கிருந்து வாழ்த்துக் கத்தினார். மகள் ‘சம்மதம்’ சொன்ன நேரத்தில் இவர் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் எல்லாத் துறைமுகங்களுக்கும் சுற்றறிக்கை வந்தது. ‘இனி பேசும் கம்பி கேட்கும் கம்பியுடனேயே இணைக்கப்பட வேண்டும். ஒருவர் பேசினால் மற்றவர் கேட்க வேண்டும் என்பதே இதன் தத்துவம்.’ அடியில் வழக்கமான வரி: ‘இம்முகவரிக்கு வரும் பதில்கள் படிக்கப்படமாட்டா.’

எல்லாத் துறைமுகத்தாரையும் போல ஹியால்கிரிமும் உட்கார்ந்து, அந்த முகவரிக்கே ஒரு நீண்ட பதில் எழுதி அனுப்பினார்.