எல்லாமே ஃபாப்ரிகா

கேட்காமலே விலையைக் குறைத்துவிட்டார் மனுஷர். அங்கேதான் ஷவ்கிக்குச் சந்தேகம் வந்தது.

விலை குறைந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் எகிப்தில், அவன் ஊரான தாந்தாவில் ஒரு பழைய காரையும் வாங்கியிருக்க மாட்டார்கள். அந்த ஊரில் விற்பவன் பிள்ளைகள் தலையில் சத்தியம் செய்வான். வாங்குபவன் கோபித்துக்கொண்டு தெருமுனை வரை நடப்பான். விற்பவன் கூப்பிடுவான், மறுபடியும் சத்தியம், மறுபடியும் தெருமுனை. கால் வலிக்க நடந்து குறைத்தால்தான் அது குறைந்த விலை. இந்த ஜித்தாவிலோ, பாபிகர் என்ற சூடான்காரர் தன் காரில் சாய்ந்து நின்றபடி, "எங்க வேலை டாக்டர்?" என்று பேச்சுக்குக் கேட்டார்.

ஷவ்கி மருந்தாளுநன்தான். ஆனால் எகிப்தில் மாத்திரை விற்பவனும் டாக்டர்தான். ஞாயிற்றுக்கிழமை சேரப்போகும் மருந்து கம்பெனியின் பெயரைக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே சொன்னான். பாபிகர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப விலையில கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்றார்.

எந்த ஊரில் இப்படி நடக்கும்? வண்டியில் ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது என்று ஷவ்கி அந்த நிமிஷமே முடிவுகட்டினான்.

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. வேலை பார்த்த மருந்துக்கடை மூடியதிலிருந்து ஊர்க்காரன் ஹெல்மியின் அறையில் ஒண்டிக்கொண்டு, மூன்று வேளையும் அவித்த மொச்சையைத் தின்றுகொண்டிருந்தான். இப்போதுதான் இந்த வேலை வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் கிளினிக்காக அலைய வேண்டும், சொந்தக் கார் இல்லாதவனுக்கு வேலை இல்லை. ஆனால் மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "ஒரு வருஷம் ஓட்டுங்க டாக்டர், நிரந்தரம் ஆக்கிடுறோம். நிரந்தரம் ஆயிட்டா குடும்ப விசா."

நிரந்தரம். அந்த வார்த்தையை அவன் அன்றைக்கே போனில் மனைவி இன்சாஃபிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் மகள் சல்மாவோடு தாந்தாவில் அண்ணன் வீட்டு ஒற்றை அறையில் இருந்தாள். அண்ணி ஃப்ரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டிருந்தாள். இன்சாஃப் யாரையும் கேட்கவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு ஷவ்கி போட்ட நகையை விற்று அனுப்பிவிட்டாள். கார் கவிழ்த்துவிட்டால் விற்க இன்னொரு நகை கிடையாது.

மேனேஜர் கையோடு கம்பெனி ஸ்டிக்கர் ஒன்றையும் கொடுத்திருந்தார். அதை முன்கண்ணாடியில் ஒட்டினால்தான் கம்பெனி கேட் திறக்கும். மடங்கிவிடாமல் அட்டைக்குள் வைத்து, ஷவ்கி அதைச் சட்டைப்பையிலேயே சுமந்துகொண்டு திரிந்தான். கம்பெனிக்கு எதிரே இருந்த மளிகைக் கடைக் கண்ணாடியில்தான், 'கார் விற்பனைக்கு' என்ற துண்டுச்சீட்டைப் பார்த்தான். எல்லாம் நல்ல சகுனமாகத்தான் பட்டது, இந்த மனுஷர் விலையைக் குறைக்கும் வரைக்கும்.

"ஃபாப்ரிகாவா?" என்று கேட்டான்.

எகிப்தியனுக்குக் காரைப் பற்றி இந்த ஒரு கேள்விதான் உண்டு. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் அப்படியே இருந்தால் ஃபாப்ரிகா. ஒரு கதவுக்கு மறுபூச்சு என்றாலும் கார் கெட்டுப்போனது, அதன் மானம் போயிற்று. எஞ்சின் இருமினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள்.

"எல்லாமே ஃபாப்ரிகா, உள்ளயும் வெளியயும்" என்றார் பாபிகர். "ஆனா டாக்டர், நான் ஏன் விக்கிறேன்னா..."

"ஊருக்குப் போறீங்க. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்று ஷவ்கி அவரை வெட்டிவிட்டு, விரல் முட்டியால் கதவைத் தட்டிப் பார்க்கக் குனிந்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஹெல்மியைக் கூட்டிக்கொண்டு போனான். அதுதான் அவன் செய்த அடுத்த தப்பு. ஹெல்மி தனியார் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாதவன், ஆனால் ஜித்தாவிலுள்ள எகிப்தியர்கள் வாங்கிய கார்களில் பாதியை இவன்தான் பார்த்துச் சொன்னான் என்பான். மீதிப் பாதி ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஹெல்மி காரைச் சுற்றி வந்தான். முன்கண்ணாடியின் கீழ்மூலையில் ஏதோ ஒட்டிச் சுரண்டியெடுத்த வெளிறிய அடையாளம் இருந்தது. "வாடகைக் கார்" என்றான் உடனே.

"வாடகை இல்ல. என் வேலைக்குத்தான் ஓட்டினேன்" என்றார் பாபிகர். மேலும் ஏதோ சொல்லத்தான் ஷவ்கி பக்கம் திரும்பினார். அதற்குள் ஹெல்மி பின்சீட்டில் குப்புறப் படுத்து, தரைவிரிப்பைத் தூக்கி மோந்துபார்க்க ஆரம்பித்துவிட்டான். பெருமழையில் முங்கின கார் என்பது அவனுடைய இரண்டாவது கட்சி.

"ஈர வாடையே இல்ல" என்றான் எழுந்து. "அதுதான் எனக்கு உதைக்குது."

ஈரம் கதவுக்குள் ஒளிந்திருக்கும் என்று கதவின் உள்பலகையை நெம்பினான். படக்கென்று ஏதோ உடைந்தது. ஜன்னல் கண்ணாடி இறங்கி உள்ளே போனது, பிறகு ஏறவே இல்லை. ஷவ்கி கண்ணை மூடிக்கொண்டான். பாபிகர் அந்த ஓட்டையைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, "பரவாயில்ல, அதுக்கும் கொஞ்சம் கழிச்சுக்குங்க" என்றார்.

மறுபடியும் குறைத்துவிட்டார்!

அன்று ஷவ்கிக்கு மொச்சை இறங்கவில்லை. இன்சாஃபுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அவர் ஏன் விக்கிறாராம்?"

"அதெல்லாம் எதுக்கு? பெயின்ட் ஃபாப்ரிகா, தட்டிப் பார்த்தாச்சு."

"எங்கப்பாவும் உன்ன வெளிப்பூச்சு பார்த்துத்தான் பிடிச்சார், ஷவ்கி" என்றாள் அவள். பின்னால் சல்மா பசிக்குது என்று அழுவதும், அண்ணி ஏதோ முணுமுணுப்பதும் கேட்டது.

சனிக்கிழமை காலை காரைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். பணம் வாங்கும் கூண்டில் காலிப் என்ற ஏமன்காரர் இருந்தார். கார் உள்ளே நுழைந்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஆட்களை அவர் கண்டுகொள்ளவில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி காரின் முன்பக்கத்தைத் தடவிக்கொடுத்தார். ஹெல்மி ஷவ்கியின் முழங்கையைக் கிள்ளினான். "பார்த்தியா, ரெண்டு பேரும் கூட்டு."

மெக்கானிக்குகள் காரை மேலே தூக்கினார்கள், கீழே விட்டார்கள். மாற்று டயரை வெளியே எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு அந்தக் குழியிலும் விளக்கடித்துப் பார்த்தார்கள். பெயின்ட் அளக்கும் கருவியை ஒவ்வொரு கதவிலும் வைத்தார்கள். எஞ்சின் நல்லது, கியர் நல்லது, அடிச்சட்டம் நல்லது, பெயின்ட் எல்லாமே ஃபாப்ரிகா.

ஷவ்கிக்கு முதல் முறையாக மூச்சு வந்தது. அதையும் ஹெல்மி பிடுங்கிக்கொண்டான். பழைய காரில் ஒரு குறைகூட இல்லையென்றால் அதற்குப் பெயர் பரிசோதனை இல்லை, ஏற்பாடு என்றான். இரண்டாவது தடவை பார்க்கச் சொல், இந்தத் தடவை நீயே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்து, இவன்கள் கையில் சாவியைக் கொடுக்காதே என்றான். ஷவ்கி ஏறி உட்கார்ந்தான். ஒரு கண் மெக்கானிக்குகள் மேல், ஒரு கண் காலிப் மேல். தூணைப் பார்க்க மூன்றாவது கண் இல்லை.

கர்ர்ர் என்ற சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது. பின்கதவில் முழ நீளத்துக்குப் பெயின்ட் உரிந்து தகரம் பல்லிளித்தது. இத்தனை வருஷம் ஃபாப்ரிகாவாக இருந்த காரின் மானத்தை ஷவ்கியே வாங்கிவிட்டான்.

பாபிகர் மெதுவாக வந்தார். ஷவ்கி அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான். விழுந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். பாபிகர் கீறலைப் பார்த்தார், ஷவ்கியின் முகத்தைப் பார்த்தார். தோளில் கையைப் போட்டார்.

"விடுங்க டாக்டர். இதையும் கழிச்சுக்குங்க. உங்களுக்கு வர்ற கவலைக்கு இதெல்லாம் ஒரு கவலையா."

அவ்வளவுதான், ஹெல்மி ஷவ்கியை ஓரமாக இழுத்துக்கொண்டு போய்விட்டான். இனி சந்தேகமே இல்லை, இவன் யாரையோ ஏற்றிக் கொன்றிருக்கிறான், போலீஸ் வண்டியைத் தேடுகிறது என்றான். ஓடிவிடலாம் என்றான். ஷவ்கிக்கும் ஓடத்தான் தோன்றியது. எங்கே ஓடுவது? விடிந்தால் ஞாயிறு. கையிலிருக்கும் காசுக்கு இந்த ஊரில் வேறு கார் இல்லை. பூட்டிய ஃப்ரிட்ஜும் சல்மாவின் அழுகையும் கண்முன் வந்தன. அவனுக்கு அழுகையாகவும் ஆத்திரமாகவும் வந்தது. நேரே பாபிகரிடம் போனான்.

"ஒரு பொம்பளையோட நகைய வித்த காசு இது. உண்மையச் சொல்லுங்க, இந்தக் கார்ல என்ன குறை?"

பாபிகரின் கண் கலங்கியது மாதிரி இருந்தது. அல்லது வெயிலாக இருக்கலாம்.

"கார்ல ஒரு குறையும் இல்ல டாக்டர்" என்றார். "எனக்கு ராத்திரி விமானம். உங்களுக்குக் காலையில வேலை. ரெண்டு பேருக்கும் வேற வழி இல்ல."

அதற்குமேல் ஷவ்கிக்குக் கேட்கத் தெம்பில்லை. வாங்கிவிட்டான்.

பெயர் மாற்றம் முடிந்ததும் பாபிகர் சாவியோடு முதுகுக்கு வைத்துக்கொள்ளும் ஒரு மெத்தையையும், வெயில் மறைக்கும் தட்டி ஒன்றையும் கொடுத்தார். "கிளினிக் வாசல்ல நாள் முழுக்கக் காத்துக் கிடக்கணும், இடுப்பு போயிடும். மத்தியானத்துல வெயில் இடது பக்கம்தான் அடிக்கும்" என்றார். ஷவ்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சந்தையில் கார் விற்றவர் மாதிரியே இல்லை. சாவு வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்புகிறவர் மாதிரி முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

எவ்வளவு நல்ல மனுஷர், இவரைப் போய் சந்தேகப்பட்டோமே என்று ஷவ்கிக்கு வெட்கமாக இருந்தது. கிளினிக் சமாச்சாரம் இவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு சிக்னலில் தோன்றத்தான் செய்தது. மருந்து கம்பெனி என்று சொன்னோம், ஊகித்திருப்பார் என்று பச்சை விழுவதற்குள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

கார் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஹெல்மியை அறை வாசலில் இறக்கிவிட்டபோது, "நான் பார்த்த காராச்சே" என்றான் அவன் வெட்கமே இல்லாமல். அப்போதுதான் சுவரோரம் சாய்த்துவைத்த மாற்று டயர் ஷவ்கிக்கு நினைவு வந்தது. தனியாகத் திரும்பிப் போனான்.

கூடம் மூடும் நேரம். காலிப்பே டயரை உருட்டிக்கொண்டு வந்து பின்னால் போட்டுக் கொடுத்தார். ஷவ்கிக்கு எல்லார்மேலும் பிரியம் பொங்கியது. சட்டைப்பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்தான். காலிப்பிடம் ஈரத்துணி கேட்டு வாங்கி, முன்கண்ணாடி மூலையிலிருந்த அந்த வெளிறிய இடத்தை அழுத்தித் துடைத்து, அதன்மேலேயே ஒட்டினான். அளவெடுத்துச் செய்ததுபோல் நான்கு மூலையும் பொருந்தி உட்கார்ந்தது. நாளைக்கு இதைப் பார்த்துத்தான் கேட் திறக்கும். ஒரு வருஷம், அப்புறம் நிரந்தரம். போட்டோ எடுத்து இன்சாஃபுக்கு அனுப்பினான். "பார், இதுக்காகவே காத்திருந்த கார்" என்று எழுதினான். பல மாதங்களுக்குப் பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது.

காலிப் எட்டி அந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. ஈரத்துணியைத் திரும்ப வாங்கி, பிழிந்து, கூண்டின் கம்பியில் காயப்போட்டார்.

"அட, நீங்களும் அந்தக் கம்பெனிதானா? போன வருஷம் பாபிகரும் புது ஆளாத்தான் இதை வாங்க வந்தார், அவருக்கு வித்தவர் அதுக்கு முந்தின வருஷத்துப் புது ஆள். உங்க கம்பெனியில இந்தக் கார் மட்டும்தான் டாக்டர் நிரந்தரம்."