பன்னிரண்டாவது பெயர்

மனிதர்களில் பெயர் கொடுப்பவர் என்று ஓர் இனம் உண்டு. மூத்தோர் கற்றல் குழு எங்கே இருக்கிறதோ அங்கே இவரும் இருப்பார். எங்கள் குழுவுக்கு அறிவிப்பு எழுதி ஒட்டுகிற வேலை என்னுடையது. ஆகவே எங்களுடையவரை மிகப் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது.

பலகையில் தாளைக் குத்திவிட்டு நான் கையை எடுப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்கும். ஓவியமா, தோட்டவேலையா, கைப்பேசிப் பயிற்சியா, முதுகுவலிக்காரர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடற்பயிற்சியா, எதுவானாலும் சரி, தலைப்பை மட்டும் படித்து, முத்து முத்தான கையெழுத்தில் பெயர், பெயருக்குப் பின்னால் பட்டம், பட்டத்துக்குப் பின்னால் ஓய்வுபெற்றபோது வகித்த பதவி, எல்லாவற்றையும் எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்துவிடுவார். வகுப்புக்கு வருவாரா? அது வேறு விஷயம்.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். பெயரை எழுதிய மாத்திரத்தில் பாதி கற்றுவிட்ட நிறைவு அவருக்கு வந்துவிடுகிறது. மீதிப் பாதிக்கு என்ன அவசரம்? வீட்டுக்குப் போய், இந்த மாதம் தமக்கு ஐந்து வகுப்பு என்று மருமகளிடம் அறிவித்துவிட்டு, அந்தக் களைப்பிலேயே ஒரு தூக்கம் போடுவார்.

சென்ற மாதம் சைகைமொழி வகுப்பு அறிவித்தோம். காது கேளாதோர் பள்ளியில் முப்பது வருடம் வேலை பார்த்த ஆசிரியை சொல்லித்தர ஒப்புக்கொண்டிருந்தார். அறை சிறியது, பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். பன்னிரண்டாவது வரியில் நம்மவரின் பெயர், பட்டம், பதவி, கோடு. உடனே நான் சிவப்பு மையில், "இடங்கள் நிரம்பிவிட்டன. பட்டியலில் இல்லாதவர்கள் வந்து சிரமம் தர வேண்டாம்" என்று கீழே எழுதினேன். மை காய்வதற்குள் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். இரண்டு முறை.

"என் வீட்டுக்காரம்மாவுக்குக் காது போய்க்கிட்டே இருக்கு சார்," என்றார் என்னிடம். "வருஷக் கடைசிக்குள்ள சுத்தமா கேக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் கத்துக்கிட்டா அவளுக்கும் சொல்லிக் குடுத்துடுவேன்."

பக்கத்தில் நின்ற பெயர் கொடுப்பவர் உண்மையிலேயே உருகிப்போனார். "இதுக்கெல்லாம் முன்கூட்டியே வந்து பேர் குடுத்துடணும் ஐயா," என்று தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். தம் பெயரை அடித்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. பட்டியல் என்றால் பட்டியல்தானே?

முதல் வகுப்புக்கு மூன்று பேர் வந்தார்கள். இரண்டாவதற்கு ஒருவர்; அவரும் மின்விசிறிக்காக வந்தவர். டிரைவர் வரவில்லை. முப்பத்திரண்டு வருடம் சிவப்பைக் கண்டால் வண்டியை நிறுத்தியவர் என் சிவப்பு மைக்கும் நின்றுவிட்டார். காலி நாற்காலிகளுக்குச் சைகை காட்டி அலுத்துப்போன ஆசிரியை வெளியூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். "யாருக்கும் ஆர்வம் இல்லாததால் வகுப்பு நிறுத்தப்படுகிறது" என்று நானே எழுதி நானே ஒட்டினேன்.

பெயர் கொடுப்பவர் அதைப் படித்துவிட்டு உச்சுக்கொட்டினார். இந்தக் காலத்தில் ஒருவருக்கும் கற்கிற ஆசையே இல்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே பக்கத்துத் தாளுக்கு நகர்ந்தார். அது புல்லாங்குழல்.

டிரைவரிடம் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை.

"அடுத்த வகுப்பு வருஷக் கடைசிக்குள்ள வருமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரிக்க ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது.

நீங்கள் அந்த இனம் இல்லை, எனக்குத் தெரியும். நூலகம், நடைப்பயிற்சிக் குழு, ரத்ததானம் என்று நாலு இடத்தில் பெயர் கொடுத்திருப்பீர்கள், நேரம் கிடைக்கும்போது போவீர்கள், அவ்வளவுதானே? இருந்தாலும் ஒரு நடை போய்ப் பாருங்கள். போகப்போவதில்லை என்றால் பெயரை அடித்துவிடுங்கள். யாராவது வந்து கேட்டால் அடித்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். கேட்க மாட்டார்கள். படித்துவிட்டுப் போய்விடுவார்கள்.