தாழ்ந்த காரில் போன மணப்பெண்

இச்சினோமியா,
நவம்பர், திங்கட்கிழமை

மூத்த சகோதரி தோமிகோ அவர்களுக்குத் தம்பி தோகுஜி தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது.

இங்கே அறுவடை முடிந்து வயலெல்லாம் மொட்டையாகக் கிடக்கிறது. அங்கே ஹொக்காய்டோவில் முதல் பனி விழுந்திருக்கும். முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தாங்கள் எக்காரணம் கொண்டும் வாசல் பனியை வாரப் போக வேண்டாம். நானும் வீட்டுக்காரி கினுயோவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசுதான் சனிக்கிழமையிலிருந்து ஒரு நிலையில் இல்லை.

என் பெண் மயுகோவின் இந்த இரண்டாம் கல்யாணம் நல்லபடி முடிந்தது என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் எப்படி முடிந்தது என்று யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் அக்கா. அவளுடைய முதல் கல்யாணம் தங்களுக்கு மறந்திருக்காது. சிவப்பு வெள்ளைத் துணி கட்டிய சீர்வரிசை லாரி, எதிரே ஆம்புலன்ஸ் வந்ததென்று இரண்டு கார் தூரம் பின்னால் போனது. மணப்பெண் ஊர்வலம் பின்னால் நகர்ந்தால் பெண் பிறந்த வீட்டுக்கே திரும்புவாள் என்பது நம் ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். எட்டே மாதத்தில் ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். அதன்பின் ஐந்து வருஷம் அந்த வாயிலிருந்து ஒரு சிரிப்பை நான் கேட்கவில்லை. இந்தத் தடவை சக்கரம் ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். அவளோ, "லாரி கீரியெல்லாம் வேண்டாம்ப்பா. என் கார்லயே போறேன். நீங்களே ஓட்டுங்க" என்றுவிட்டாள்.

அந்தக் காரைத் தாங்கள் பார்த்ததில்லை. பழைய கறுப்பு செடான். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்தால் நேரே அதன் அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். அதற்குக் காயிலோவர் என்று ஒன்று வாங்க வேண்டுமாம். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த கால் அது. வளையத்தைத் திருகினால் கார் இறங்கும், எதிர்ப்பக்கம் திருகினால் ஏறும். மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுக்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டவள் இதைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் எடுத்துக்கொண்டாள். கடைசியில் நானும் கடைக்குக் கூடப் போனேன். கடைக்காரர் அசாய்க்குப் புருவமே கிடையாது, ஆனால் மரியாதையில் கோயில் பூசாரி தோற்றார்.

"எவ்வளவு இறக்கணும் மயுகோ அக்கா?" என்று கேட்டார்.

"வண்டிப் பரிசோதனையில தரையிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் கேப்பாங்க. அதுக்கு மேல ஒரு மயிரிழை கூட உயரம் வேண்டாம்."

"அப்போ கெட்டி ஸ்பிரிங்தான் சரி. கொஞ்சம் குலுக்கும், ஆனா உக்காராது."

"குலுக்குமா? மணப்பெண் தலையில அவ்வளவு பெரிய சவுரிக்கொண்டை இருக்குமே, கழண்டு மடியில விழுந்தா யார் எடுத்து வைக்கிறது? மெத்துன்னு ஏதாவது குடுங்க!" என்றேன்.

"மெத்துன்னு போட்டா ஆள் ஏறினதும் வண்டி உக்காந்துடும் ஐயா."

"எல்லாம் ஒல்லியான குடும்பம்தான்!"

மயுகோ என் முகத்தைப் பார்த்தாள். "விடுங்க அசாய். உயரம் என் இஷ்டம், ஸ்பிரிங் அப்பா இஷ்டம்." இதற்குத்தான் பெண்ணைப் பெற வேண்டும் என்று அன்றைக்குப் பூரித்துப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை பின்சீட்டில் மணக்கோலத்தில் மயுகோ, காரின் கூரை இடித்ததால் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, பக்கத்தில் கினுயோ, முன்சீட்டில் சீர் கொடுக்கச் சாக்கே மதுப் பீப்பாய், குலமுத்திரை போட்ட கிமோனோவில் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு. இனாசாவா வரைக்கும் எல்லாம் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போயிற்று. மாப்பிள்ளை கென்சகுவின் வீடு கண்ணுக்குத் தெரிகிறது. நடுவில் வாய்க்கால், வாய்க்கால் மேல் கூன் விழுந்த ஒரு குட்டிப் பாலம். ஏறினேன். 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். உச்சியில் வயிறு தட்டிக் கார் நின்றுவிட்டது. முன்னால் போக மாட்டேன் என்கிறது. எதிரே முட்டைக்கோஸ் ஏற்றிய குட்டி லாரி ஒன்று வந்தது. ஓட்டிவந்த பெரியவர் மணப்பெண்ணைப் பார்த்ததும், "அடடே, கல்யாண வண்டியா! நீங்க அசையாதீங்க, நான் போறேன்" என்று வாய்க்கால் கரை முழுக்கத் தானே பின்னால் போய் ஒதுங்கினார். வழி விடுபவர்களுக்குக் கொடுக்கவென்றே வைத்திருந்த மிட்டாய்ப் பை ஒன்றை நான் ஓடிப்போய் அவர் கையில் திணித்து வணங்கினேன். வழி விட்டுவிட்டார், ஆனால் போகத்தான் முடியவில்லை. பீப்பாயை இறக்கினோம். கினுயோவை இறக்கினோம். இன்னும் ஒரு விரல் தட்டுகிறது. "நானும் இறங்கறேனே" என்றாள் மயுகோ. "நடுவழியில மணப்பெண் இறங்கினா குடும்பம் நடுவழியில நிக்கும்!" என்று கத்தினேன். அப்படி ஒரு சாஸ்திரம் எங்கும் இல்லை அக்கா, பயத்தில் அந்த நிமிஷம் நானே உண்டாக்கினேன்.

அதற்குள் கென்சகு கல்யாண உடையோடு ஓடிவந்தார். "மாமா, கொஞ்சம் பின்னாடி எடுத்தா வந்துடும்."

"மாட்டேன்! என் தலையே போனாலும் எடுக்க மாட்டேன்! ஒரு தடவை எடுத்துப் பட்டது போதும்!" சொல்லும்போதே எனக்குக் குரல் உடைந்துவிட்டது. மனிதர் சிரிக்கவில்லை. உடையின் கையை மடித்துச் சுருட்டிக்கொண்டார். "அப்போ தூக்கிடுவோம்."

மயுகோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "டிக்கில ஜாக்கியும் வளையத் திருகியும் இருக்கு. ஜாக்கியை நான் சொல்ற இடத்துலதான் வைக்கணும். வேற எங்கயாவது வெச்சே, தொலைச்சுடுவேன்."

"சரிங்க" என்றார் கென்சகு.

"வளையத்தைத் திருகு."

"எத்தனை சுத்து?"

"நான் போதும்கிற வரைக்கும்!"

முட்டைக்கோஸ் பெரியவர் மரப்பெட்டியை முட்டுக் கொடுத்தார். மாப்பிள்ளை பட்டு உடையோடு சேற்றில் மல்லாந்து ஒவ்வொரு சக்கரத்தின் வளையத்தையும் திருகிக் காரை உயர்த்தினார். பின்னால் கார்கள் வரிசை கட்டின. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. கென்சகு மூக்கில் கிரீஸோடு வெளியே வந்ததும் மயுகோ சிரித்தாள் அக்கா. வாய்விட்டு, கொண்டை ஆட ஆடச் சிரித்தாள். நான் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதுவிட்டேன். பிறகு கார் கம்பீரமாகப் பாலம் இறங்கிற்று. சக்கரம் ஒரு இம்மியும் பின்னால் போகவில்லை. வாசல் வரைக்கும் நானே ஓட்டினேன், நானே சாட்சி. இனி அவள் திரும்பி வர மாட்டாள். நான் நிம்மதியாகச் சாகலாம்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கவும். அத்தானுக்கு என் வணக்கம். குளிர் தங்களை அண்டாமல் நம் முன்னோர் காக்கட்டும்.

தங்கள் அன்புத் தம்பி,
ஹிபினோ தோகுஜி

பி.கு.: தபால்தலை வாங்க மறந்து கடிதம் ஒரு வாரம் மேசையிலேயே கிடந்தது. இன்று ஞாயிறு. இதைப் படித்துவிட்டுக் கினுயோ விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நான் வாசலில் இறங்கி உள்ளே போய், சம்பந்தியின் முன்னால் நெற்றி பாயில் பட மரியாதை சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா? அந்த நேரத்தில், வாசல் சரிவில் காரின் மூக்கு இடிக்கும் என்று, கென்சகு அதைத் திருப்பிப் பின்பக்கமாகவே உள்ளே விட்டாராம். மயுகோ உள்ளேதான் உட்கார்ந்திருந்தாளாம். "முழுசாவா?" என்றேன். "முழுசாத்தான்" என்றாள் கினுயோ. உடனே போன் போட்டேன். "பின்னாடி போனா பொறந்த வீட்டுக்கு வரணும்னுதானேப்பா சொல்வீங்க? இன்னைக்கு மத்தியானம் வரோம், ரெண்டு பேரும், சாப்பாட்டுக்கு. நம்ம கேட் மேடு இடிக்கும், பலகை போட்டு வைங்க" என்றாள் மயுகோ. பலகை தேடத்தான் போய்க்கொண்டிருக்கிறேன் அக்கா. சிமெண்டிலேயே சரிவு போட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.