பதினாறில் மாட்டிய தவில்

கையேட்டைப் படித்துவிட்டு ஒரு சாமானை மாட்டுகிறவன் பயந்தாங்கொள்ளி என்று முப்பது வயது வரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில் ஒரு தவிலைக் கிழித்திருக்கிறேன். இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால் என் கல்யாணத்தையும் கிழித்திருப்பேன்.

அதிராம்பட்டினத்தில் ஒரு பாயிடம் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கியிருந்தேன். (தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதுதான் தரம் என்று என் எண்ணம்.) பின்பக்கம் நாலு, எட்டு, பதினாறு என்று மூன்று திருகுகள். ஸ்பீக்கர் எத்தனை ஓமோ அந்தத் திருகில்தான் கம்பியை மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் பேஸ், அதாவது அடித்தொனி, கட்டுக்குள் நிற்காது என்று பாய் படித்துப் படித்துச் சொன்னார். பெரிதாகத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பதினாறில் மாட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலர்விழியின் அப்பா கீழ்வேளூரிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு எங்கள் வீடு பார்க்க வந்தார். நானும் மலர்விழியும் விரும்புவது அவருக்குத் தெரியும், சம்மதம்தான் பாக்கி. மனிதர் தவில் வித்வான். நான் வாயையும் கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கோயிலில் அவர் வாசித்ததை நானே பதிவு செய்து வைத்திருந்தேன். அதைப் போட்டேன்.

தவிலில் விரலால் வாசிக்கும் வலது பக்கம் பரவாயில்லை. குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கம்தான், லாரியிலிருந்து இறக்கிய ஈர நெல்மூட்டை மாதிரி விழுந்து விழுந்து அங்கேயே கிடந்தது. அதுதான் பேஸ் என்று நினைத்து நான் பெருமையாக அவரைப் பார்த்தேன். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

“இப்படியா வாசிச்சேன்?” என்றார். காபியைத் தொடாமல் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் மலர்விழி போன் செய்தாள். அப்பா வீட்டுக்கு வந்ததிலிருந்து, குறை தன் வாத்தியத்தில்தான் என்று ஸ்பேனரும் கையுமாகத் தவிலின் போல்ட்டுகளை இறுக்கிக்கொண்டே இருந்தாராம். இறுக்கி இறுக்கித் தோலே கிழிந்துவிட்டதாம். அவள் பிளஸ் டூவுக்கு இயற்பியல் பாடம் நடத்துபவள், விசாரணை நேராக ஆரம்பித்தது.

“ஸ்பீக்கர் பின்னாடி என்ன போட்டிருக்கு?”

“நாலு ஓம்.”

“கம்பி எதுல இருக்கு?”

“பதினாறுல.”

“ஏன்?”

“பெருசா இருந்துச்சு.”

“நாலுலதான் மாட்டணும்” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கர்களைக் காலடியில் திணித்துக்கொண்டு, கீழ்வேளூருக்குப் பஸ்ஸில் போனேன். கிழிந்த தவிலுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் கண் முன்னாலேயே கம்பியை நாலுக்கு மாற்றினேன். அதே பதிவு. தொப்பி இப்போது நறுக்கென்று விழுந்து, அடுத்த அடிக்கு வழிவிட்டது. கடைசிவரை கேட்டார்.

“அப்ப என் கையில தப்பு இல்லை?”

“இல்லீங்க. என் கையிலதான்.”

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது.

“சரி, கல்யாணத்தை வச்சுக்கலாம். இனிமே எந்தக் கம்பியைத் தொட்டாலும் அவளைக் கேட்டுட்டுத் தொடுங்க தம்பி.”

கல்யாணத்தன்று சீர்வரிசைத் தட்டில், பழத்துக்கும் வெற்றிலைக்கும் நடுவே, மஞ்சள் தடவி அந்த ஸ்பேனரை வைத்திருந்தார். இப்போது அது ஆம்ப்ளிஃபயருக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. விருந்தாளிகளிடம் நான் எதையாவது அளக்க ஆரம்பித்தால், என் மகள் போய் அதை எடுத்து வந்து என் முன்னால் வைப்பாள்.