டொராண்டோவுக்குப் போன டிவி

"இந்த நிகழ்ச்சியை உங்கள் பகுதியில் காண இயலாது" என்று டிவி நான்காவது முறையாகச் சொன்னபோது மணி இரண்டரை. ஆறு மணிக்குள் பெண் வீட்டார் வந்துவிடுவார்கள். வேதசிரோமணி ரிமோட்டை ஐந்தாவது முறையாக அழுத்தினார்.

முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் சிட்லபாக்கம் ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றுவதும், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுப்பதும்தான் இப்போது அவருடைய உத்தியோகம். ஒரே மகன் ஷெர்வின் கனடாவுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வயதும் முப்பதைத் தாண்டிவிட்டது. ஏழெட்டு வரன் தட்டிப்போய், கடைசியாகக் கூடி வந்திருந்தது ஏசுபாதத்தின் மகள் ஜென்சி. பெண் சொக்கத் தங்கம். அப்பாதான் கொஞ்சம் பேஜார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்த மனுஷன், எதைக் காட்டினாலும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார்.

"வீடியோ கால்ல தம்பி முகத்தைப் பாத்தாச்சு சார்," என்று போன வாரம் சொல்லியிருந்தார். "ஊரைப் பாக்கணும். எங்க சொந்தத்துல ஒரு பொண்ணை ஃபாரின் மாப்பிள்ளைன்னு நம்பிக் கொடுத்துட்டு இன்னிக்கும் அழுதுட்டிருக்கோம்."

"ஊரை எப்படி சார் கொண்டுவந்து காட்டறது?"

"தம்பி டொராண்டோ தமிழ்ச் சபைல கொயர்ல பாடறதாச் சொன்னீங்க இல்ல. அந்த ஆராதனை டிவில லைவா வருதுன்னும் சொன்னீங்க. அதுல ஒரு தடவை பாத்துட்டா அடுத்த ஞாயிறே நிச்சயம் வெச்சுக்கலாம். பாக்க முடியலைன்னா மன்னிச்சுக்கங்க, நாங்க வேற இடம் பாத்துக்கறோம்."

ஷெர்வினிடம் கேட்டதற்கு, "அது கனடாவுக்குள்ள மட்டும்தாம்ப்பா தெரியும். அங்கேருந்து தலைகீழா நின்னாலும் பாக்க முடியாது, விட்டுடுங்க," என்றான்.

விட்டுவிட முடியுமா? தலைகீழாக நிற்பதென்று தீர்மானித்து மாரியைக் கூப்பிட்டார். அந்தத் தெருவுக்கே இன்டர்நெட் லைன் இழுத்துக் கொடுத்தவன் மாரி.

"இதுக்கா சார் இம்மாம் டென்ஷன்? விபிஎன் போட்டா முடிஞ்சுது," என்றான் அவன். "நம்ம வூடு இங்கதான் கீது. ஆனா வெளிய கீறவனுக்கு நாம கனடாவுல குந்திகினு கீற மாதிரி காட்டும்."

சமையலறை வாசலில் நின்றிருந்த தபீதாள் கணவரைப் பார்த்தாள். "அப்ப அது பொய்தானேங்க?"

"பொய் நாம சொல்லல. பொட்டி சொல்லுது," என்றார் ஞாயிறு பள்ளி ஆசிரியர்.

டிவி பழசு. விபிஎன்னை ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்றது. மாரி யோசித்தான். பிறகு வைஃபை பெட்டியிலேயே அதை ஏற்றிவிட்டான்.

"டிவி இன்னா டிவி, மொத்த வூட்டையும் அனுப்பிட்டேன் சார். டொராண்டோ லைன் ரஷ்ஷா கீது. மான்ட்ரியால் காலி. அதுல போட்டுக்கிறேன்."

இரண்டு நிமிஷம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் தபீதாளின் செல்போன் சிணுங்கியது. விருந்தாளிகளுக்கென்று வைஃபையில் அவள் ஆர்டர் போட்டுக்கொண்டிருந்த சமோசாவும் கேக்கும் பாதியில் நின்றன. நீங்கள் இருக்கும் ஊருக்கு எங்கள் சேவை இல்லை என்று கையை விரித்துவிட்டது அந்தச் சாப்பாட்டு ஆப்.

"கேம்ப் ரோட்டுல இருக்கற கடைங்க. நடந்து போனா பத்து நிமிஷம்," என்று அவள் அதிர்ந்து போய் நின்றாள்.

"கனடாவுலேர்ந்து நடக்கணும்ல அக்கா," என்றான் மாரி.

தபீதாள் கடலை மாவைத் தேடி உள்ளே போனாள். இங்கே டிவி பிரெஞ்சு பேச ஆரம்பித்திருந்தது. மான்ட்ரியாலில் அதுதான் பாஷையாம். மெனு முழுக்கப் பிரெஞ்சு. ஒரு கட்டத்தைத் தட்டு என்று மாரி சொல்ல, வேதசிரோமணி தட்ட, திரை பூராவும் பலூனும் முயல்குட்டியுமாக ஆகிவிட்டது. குழந்தைகளுக்கான பூட்டு விழுந்துவிட்டதாம். திறக்க நாலு இலக்கம் வேண்டும். கணக்கு வாத்தியாருக்குத் தெரியாத இலக்கமா? கல்யாண வருஷத்தைப் போட்டார், ஓய்வு பெற்ற வருஷத்தைப் போட்டார், மகன் பிறந்த வருஷத்தைப் போட்டார். முயல்குட்டி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது.

"ரீசெட் அடிச்சுடலாம் சார். எல்லாம் புச்சா ஆயிடும்," என்றான் மாரி. கூடவே இடத்தையும் டொராண்டோவுக்கு மாற்றினான்.

எல்லாம் புதுசாகத்தான் ஆயிற்று. கேபிள் சேனல்கள் போயின. தபீதாளின் சீரியல்கள் போயின. ஆராதனையும் கிரிக்கெட்டும் வருகிற, முன்பு தானாகத் திறந்துகொண்டிருந்த ஆப், இப்போது வாசலில் நிறுத்திப் பாஸ்வேர்டு கேட்டது. கணக்கு என்னவோ வேதசிரோமணியின் பெயரில்தான் இருந்தது. ஆனால் ஊருக்குக் கிளம்பும் முன் போட்டுக் கொடுத்தவன் ஷெர்வின். பாஸ்வேர்டு அவனுக்குத்தான் தெரியும். மணி நாலே முக்கால். போனைப் போட்டார்.

"எதுக்குப்பா இப்பப் பாஸ்வேர்டு?"

"விபிஎன் போட்டாச்சுடா. ஆறு மணிக்கு உன்னை டிவில பாக்கப் போறோம். பொண்ணு வீட்லேர்ந்தும் வர்றாங்க."

மறுமுனையில் டங், டங் என்று இரும்பு அதிரும் ஓசை கேட்டது.

"அப்பா, விபிஎன்லாம் பெரிய குத்தம். கனடா போலீஸ் வீட்டுக்கே வந்துடுவாங்க."

"சிட்லபாக்கத்துக்கா?"

"எனக்கு விசா பிரச்சனை ஆயிடும்ப்பா."

"உனக்குக் கல்யாணமே ஆகாமப் போயிடும்டா. பாஸ்வேர்டைச் சொல்லு."

சொன்னான். தப்பு. இன்னொன்று சொன்னான். அதுவும் தப்பு. மூன்றாவதும் தப்பானதும், "கொயர் பிராக்டிஸுக்குக் கூப்பிடறாங்கப்பா," என்று வைத்துவிட்டான்.

"பதட்டத்துல பிள்ளைக்குப் பாஸ்வேர்டே மறந்துபோச்சு," என்றார் வேதசிரோமணி. "பின்னாடி சர்ச் மணி கேட்டுது, கவனிச்சியா தபீதா?"

தபீதாள் மாவு கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவம், பெற்ற மனம்.

கடைசியில் மாரிதான் வழி கண்டுபிடித்தான். பாஸ்வேர்டே வேண்டாம், போன் நம்பருக்கு வரும் ஓடிபி போதும் என்றான். ஓடிபி வந்தது. ஆப் திறந்தது. 'நல்வரவு கனடா' என்று எழுதி, மேலே கனடாக் கொடியின் இலையையும் காட்டியது. வேதசிரோமணி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார். அதே நேரம் வாசலில் கார் நின்றது.

ஏசுபாதம், ஜென்சி இரண்டு பேரும் வந்தார்கள். பஜ்ஜி வந்தது. ஆராதனை தொடங்க இன்னும் ஐந்து நிமிஷம் இருந்ததால், "ஒரு சின்ன ஜெபம் பண்ணிடுவோமா?" என்றார் ஏசுபாதம். கரெண்ட் போகக்கூடாது, லைன் அறுந்துவிடக்கூடாது, மேலே இருக்கிற சாட்டிலைட்டுக்கும் ஒரு குறை வரக்கூடாது என்று உருக்கமாக ஜெபித்தார். மாரியும் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

சரியாக ஆறு மணிக்கு, அங்கே காலை எட்டரைக்கு, படம் வந்தது. பெரிய ஆலயம். நாலு வரிசையில் வெள்ளை அங்கி போட்ட பாடகர் குழு. எல்லாம் தமிழ் முகங்கள். காமிரா முதல் வரிசையில் ஊர்ந்து, இரண்டாவதில் ஊர்ந்து, மூன்றாவதுக்கு வரும்போது திரை நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. படம் உறைந்துவிட்டது. கடைசி வரிசையில், பூச்சாடிக்குப் பின்னால், ஒரு பாதித் தலை மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"அதான், அதான் ஷெர்வின்," என்று வேதசிரோமணி எழுந்தே விட்டார். "அந்தச் சுருள் முடி எங்க அப்பாவோடது."

ஏசுபாதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவியிடம் போனார். மங்கிப்போன டிக்கெட்டில் தேதி தேடுவதுபோல் அந்தப் பாதித் தலையை உற்றுப் பார்த்தார்.

"நெத்தி அவரோட நெத்தி மாதிரிதான் இருக்கு," என்றார் கடைசியில். தபீதாள் பஜ்ஜித் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டாடி," என்றாள் ஜென்சி மெதுவாக. "அவங்க கம்மல் போட்டிருக்காங்க."

எல்லாரும் பார்த்தார்கள். கம்மல்தான். ஜிமிக்கி.

"இரு சார், பொட்டியை அமுத்தி எய்ப்புறேன்," என்று மாரி வைஃபையை அணைத்துப் போட்டான். படம் திரும்பி வரும், அடுத்த முகம் ஷெர்வினுடையதாக இருக்கும் என்று வேதசிரோமணி உள்ளங்கையைப் பிசைந்துகொண்டு நின்றார். படம் வரவில்லை. சிவப்பு எழுத்துகள்தான் வந்தன. உங்கள் கணக்கு ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பயன்படுத்தப்படுவதால் தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது, உதவிக்கு அழைக்கவும்.

"இன்னொரு நாட்டுல யாரு சார் யூஸ் பண்றது?" ஏசுபாதத்தின் குரலில் பழைய உத்தியோகம் எட்டிப் பார்த்தது.

"வேற யாரு? நம்ம ஷெர்வின்தான். அங்க அவன் போன்ல போட்டிருப்பான்."

"அவர் இப்பப் பாடிட்டு இருக்காருன்னு சொன்னீங்களே அங்கிள்," என்றாள் ஜென்சி.

கம்பெனியின் கோளாறு, இப்போதே கேட்டுவிடுகிறேன் என்று வேதசிரோமணி உதவி எண்ணை அழுத்தினார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க சார், எல்லாரும் கேப்போம்," என்றார் ஏசுபாதம்.

"வணக்கம், கஸ்டமர் கேர்லேர்ந்து தீபலட்சுமி பேசறேன்," என்றது ஒரு பெண் குரல். பெயர், பிறந்த தேதி, ஓடிபி எல்லாம் வாங்கிக்கொண்டது. "சார், நீங்க இப்பக் கனடாவுல இருக்கீங்களா?"

பத்துக் கட்டளையில் ஒன்பதாவதான 'பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக' அவருக்கு எதிரே வந்து நின்றது. இத்தனை பேர் முன்னால், இத்தனை வயதுக்கு மேல், பொய்யா?

"டிவி கனடாவுல இருக்கும்மா," என்றார். "நான் சிட்லபாக்கத்துல இருக்கேன்."

"பரவால்ல சார், புரியுது. உங்க அக்கவுன்ட் ரெண்டு இடத்துல ஓடறதாலதான் நின்னுபோச்சு. ஒண்ணை எடுத்துட்டா உடனே படம் வந்துடும். எதை எடுக்கட்டும்?"

வேதசிரோமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏசுபாதத்தை ஒரு பார்வை பார்த்தார், 'இவ்வளவுதான், இதற்கா சந்தேகப்பட்டீர்கள்' என்பதாக. பிறகு போனுக்குக் கிட்டே குனிந்து, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திச் சொன்னார்.

"கனடாவுல ஓடறது என் பையனோடதும்மா. ஷெர்வின். ரெண்டு வருஷமா அங்கதான் இருக்கான். அதை மட்டும் எடுத்துடாதீங்க."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் சொன்னாள்:

"சார், கனடான்னு காட்டறது உங்க வீட்டு டிவி ஒண்ணுதான், ஷெர்வின்னு பேர் போட்ட போன் ரெண்டு வருஷமா நம்ம சென்னை திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைலேர்ந்துதான் ஓடுது, இப்பக்கூட கிரிக்கெட் பாத்துட்டிருக்கு."