இருபத்துமூன்று டிஸ்கெட்டுக்குப் பொட்டு வைத்த கதை

பெண் வீட்டில் நல்ல பெயர் வாங்கத் துடிக்கும் ஆண்பிள்ளையின் கையில் யாரும் எதையும் கொடுக்கக் கூடாது. ஸ்குரூ டிரைவர், கார் சாவி, சந்தனக் கிண்ணம், எதுவும். ஊருக்கு உபதேசமாக இதைச் சொல்லவில்லை. எண்பதுகளின் கடைசியில், ஓர் ஆயுத பூஜையன்று, மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் ஒரு வீட்டு ஹாலில் நானே நிரூபித்துக் காட்டிய உண்மை இது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. டைப்ரைட்டர் விற்கும் கடையில் வேலை. ஆறு வாரம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். (சட்டம் சொந்தச் செலவு.) அதை வைத்துக்கொண்டு நான் பண்ணிய அலட்டல் கொஞ்சநஞ்சமில்லை. விமலாவை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவள் அப்பா முத்தையா, தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் முப்பது வருஷம் டிரெஸ்ஸராக, அதாவது டாக்டருக்கு அடுத்தபடியான மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவர். "பையன் கம்ப்யூட்டர்ல புலி" என்று தரகர் அவரிடம் அளந்துவிட்டார். நானும் மறுக்கவில்லை.

டிரெஸ்ஸரிடம் ஒரு சொத்து இருந்தது. அவர் பார்த்த பிரசவங்களின் பதிவு. பிறந்த நாள், நேரம், எடை, தாய் தகப்பன் பெயர், எந்தத் தோட்டம், எந்த லயத்து வீடு, அன்றைக்கு மழையா வெயிலா என்பது வரை, பிள்ளைக்கு ஒரு பக்கம். பிறப்புப் பத்திரம் எடுக்காமலே வளர்ந்துவிட்டவர்கள் ஐசி என்கிற அடையாள அட்டை எடுக்கும் நேரத்தில் இவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். இவர் தரும் தாளை அலோர் ஸ்டார் பதிவு அலுவலகத்தில் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். நோட்டுகளில் கரையான் ஏறியதும் விமலா இரண்டு வருஷம் உட்கார்ந்து அத்தனை பக்கங்களையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் தட்டி ஏற்றினாள். பிறகு நோட்டுகளைக் கரையானோடு சேர்த்துக் கொளுத்தியாயிற்று.

இப்போது வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. பழையதை யான் என்ற ஊரில் இருக்கும் டிரெஸ்ஸரின் தம்பிக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. சாயங்காலம் நாலு மணிக்கு அவர் வேனோடு வருவார்.

"பழசுல இருக்கிறதெல்லாம் புதுசுக்கு மாறணும் தம்பி. முடியுமா?" என்றார் டிரெஸ்ஸர்.

"அரை நாள் வேலை மாமா. நீங்க பேப்பர் படிங்க."

அந்தக் காலத்தில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு எதையாவது கொண்டுபோக டிஸ்கெட்தான் வழி. சதுரமான கறுப்புச் சட்டைக்குள் மெல்லிய வட்டத் தகடு. ஒன்றில் கொள்வது கொஞ்சம்தான். காலையிலிருந்து மாற்றி மாற்றிப் போட்டு இருபத்துமூன்று டிஸ்கெட்டில் எல்லாவற்றையும் ஏற்றினேன். அடுத்தவருக்குக் கொடுக்கும் பொருளைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டாமா? பழைய கம்ப்யூட்டரைத் துடைத்தேன். துணியால் இல்லை. உள்ளே இருந்ததை ஓர் எழுத்து விடாமல் அழித்தேன்.

"புதுசுல ஏறிடுச்சான்னு பாத்துட்டு அழிச்சிருக்கலாம்லா?" என்றாள் விமலா.

"ஆறு வாரம் படிச்சவன் நானா, நீயா?" என்றேன். (இந்த வாக்கியத்தை அவள் இன்றுவரை மறக்கவில்லை.)

அதற்குள் பூஜை ஆரம்பமாகிவிட்டது. லெட்சுமி அத்தை, அதாவது விமலாவின் அம்மா, சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு காருக்கு, தையல் மெஷினுக்கு, டிரெஸ்ஸரின் ஸ்டெதஸ்கோப்புக்கு, புதுக் கம்ப்யூட்டருக்கு என்று பொட்டு வைத்து வந்தார். எனக்குள் இருந்த நல்ல மாப்பிள்ளை விழித்துக்கொண்டான்.

"டிஸ்கெட்டும் ஆயுதம்தானே அத்தை? கிண்ணத்தைக் குடுங்க, நான் வைக்கிறேன்."

டிஸ்கெட் சட்டையில் நீள்வட்டமாக ஒரு திறப்பு இருக்கும். உள்ளே இருக்கும் தகட்டைக் கம்ப்யூட்டர் படிப்பதற்கான வழி அது. ஆறு வார வகுப்பில் அதைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் பக்திப் பரவசத்தில் பார்த்தபோது, பொட்டு வைப்பதற்கென்றே யாரோ விட்டுவைத்த இடமாகத் தெரிந்தது. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இருபத்துமூன்றுக்கும் கெட்டியாக வைத்தேன்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையா!" என்று அத்தை நெகிழ்ந்துபோனார்.

முதல் டிஸ்கெட்டைப் புதுக் கம்ப்யூட்டரில் செருகினேன். மாவு மில்லில் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம். படிக்க முடியவில்லை என்றது திரை. அடுத்ததைப் போட்டேன். அதற்கடுத்ததையும். சத்தம் கூடிக்கொண்டே போனது.

"என்னா தம்பி, சத்தம் பெரிசா இருக்கு?"

"புது மெஷின்லா மாமா, பழகணும்."

நாலாவது டிஸ்கெட் வெளியே வந்தபோது அதன் மேல் சந்தனக் கோடு வட்டமாக ஓடியிருந்தது. நான் வைத்த பொட்டோடுதான் தகடு உள்ளே சுற்றியிருக்கிறது. நடந்ததைச் சொன்னேன். டிரெஸ்ஸர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மூவாயிரம் புள்ளைங்க, தம்பி" என்றார். அவ்வளவுதான்.

திட்டியிருந்தால் தேவலை. கல்யாணம் போனால் போகட்டும், இந்த மனிதர் முகத்தை இனிமேல் எப்படிப் பார்ப்பது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விமலா ஒரு டிஸ்கெட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள இருக்கிறது கேசட் டேப் மாதிரி பிளாஸ்டிக்தானே? தண்ணி பட்டா அழியாதுலா. அப்பா, உங்க பிளேடு எங்க?"

டிரெஸ்ஸர் நிமிர்ந்தார். ஐந்து நிமிஷத்தில் சாப்பாட்டு மேசை ஆபரேஷன் தியேட்டராகிவிட்டது. அவர் டிஸ்கெட் சட்டையின் ஓரத்தை அறுத்துத் தகட்டை வெளியே எடுப்பார். விமலா அதன் நடுவளையத்தில் மேல்பக்கம் எது, எத்தனையாவது என்று பென்சிலால் குறித்து, சோப்புத் தண்ணீரில் விரல் நுனியால் அலசுவாள். அத்தை வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்து மின்விசிறிக்குக் கீழே பரப்புவார். எனக்குக் கொடுத்த பொறுப்பு, வாளியில் தண்ணீர் மாற்றுவது. (ஆறு வாரம் படித்தவன்.)

நாலு மணிக்கு யான் சித்தப்பா வந்து ஹாலை எட்டிப் பார்த்தார். பழுப்பு நிறத்தில் வட்ட வட்டமாக இருபத்துமூன்று காய்ந்துகொண்டிருந்தன.

"அலாமாக்! என்னா அண்ணே, அப்பள வியாபாரமா?"

கம்ப்யூட்டருக்குள் இருந்த சந்தனத்தை ஸ்பிரிட்டும் பஞ்சும் போட்டு டிரெஸ்ஸரே எடுத்தார். விமலா ஒரு புது டிஸ்கெட்டின் சட்டையைப் பிரித்து, அதற்குள் முதல் தகட்டை நுழைத்தாள். செருகினேன். சத்தமில்லை. பிறகு திரையில் ஒரு பக்கம் விரிந்தது: பெண் குழந்தை, ஆறு பவுண்டு, நல்ல மழை.

நான் கத்திய கத்தலில் அடுத்த வீட்டுக்காரர் ஓடி வந்தார். ஒவ்வொரு தகடாக அந்த ஒரே சட்டைக்குள் போட்டு எடுத்தோம். ஒவ்வொன்றும் ஏற ஏற, அத்தனை பேரும் ஒன்று, இரண்டு என்று கூட்டமாக எண்ணினோம். பத்தொன்பதாவது மட்டும் முரண்டு பிடித்தது. விமலா இன்னொரு முறை அலசிக் கொடுத்ததும் அதுவும் வழிக்கு வந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் மூவாயிரம் பிள்ளைகளும் புதுக் கம்ப்யூட்டருக்குக் குடிவந்துவிட்டார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வெற்றியை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை. அதில் என் பங்கு வாளி தூக்கியது மட்டும்தான் என்பது வேறு விஷயம்.

டிரெஸ்ஸர் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "சாப்பிட வாங்க மாப்ள" என்றார். கல்யாணம் நிற்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறுதியாயிற்று.

ஆனால் மனிதர் அதை அத்தோடு விடவில்லை. தை மாதம் கோயில் மண்டபத்தில், ஊரே உட்கார்ந்திருக்க, அத்தை சந்தனத்தை விரலில் தொட்டு என் நெற்றிக்குக் கொண்டுவந்த நேரம், மேடையிலிருந்தே குரல் கொடுத்தார்.

"லெட்சுமி, பாத்து வை! அப்புறம் மாப்ளையையும் பிரிச்சிக் கழுவ வேண்டியதாப் போயிடும்!"

மண்டபம் அதிர்ந்தது. அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலும் மாப்பிள்ளைக்குப் பொட்டு வைக்கிற நேரத்தில் யாராவது ஒருவர் சோப்பு எங்கே என்று கேட்காமல் இருப்பதில்லை. எங்கள் கல்யாண ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள், தாலி கட்டுகிற படத்தில் மணப்பெண் வெட்கப்பட்டு முகத்தைப் பொத்திக்கொண்டிருப்பதாக நினைக்கிறார்கள். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள்.