மேலே போனால் தூக்கம்

பால் புட்டியை மூன்றாவது முறையாகத் துப்பிவிட்டு, குழந்தை லிஃப்ட் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்து வீறிட்டது. பிறந்து ஆறு வாரம்தான். அதற்குள் அப்பனை எடை போட்டுவிட்டது.

ஆபரேஷன் தையலைக் காட்ட மனைவி டாக்டரிடம் போய் இருபது நிமிஷம் ஆகியிருந்தது. போகும்போது கறாராகச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"எடுத்து வச்ச பாலைக் குடுத்துத் தூங்க வைங்க. ஒரு மணி நேரத்துல வந்துடுவேன். இது நடந்தா அடுத்த மாசம் தைரியமா வேலைக்குப் போறேன். நடக்கலைன்னா ராஜினாமாதான்."

"அறுநூறு கிலோ லிஃப்டை ஒத்தை ஆளா அடக்குறவன் நான். நாலரைக் கிலோவை அடக்க மாட்டேனா?" என்று அவனும் மார் தட்டியிருந்தான்.

தோளில் போட்டுத் தட்டினான். பாடினான், குழந்தை அவனைவிடச் சத்தமாகப் பாடியது. வேறு வழி தெரியாமல் வேலைப் பையையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு, தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே இடத்துக்குள், தன் கம்பெனி பராமரிக்கும் அந்தக் குடியிருப்பின் லிஃப்டுக்குள், நுழைந்தான்.

மூன்றாவது மாடியிலிருந்து லிஃப்ட் மேலே கிளம்பியதும் குழந்தை கண்ணை மூடியது. கீழே இறங்கும்போது கத்தியது. திரும்ப மேலே போனால் தூக்கம். ஐந்தே மாடி கட்டியவனை மெக்கானிக் மனதாரச் சபித்தான்.

இரண்டாவது மாடியில் கதவு திறந்தது. அந்த மாடியில் குடியிருக்கும் கணக்கு டீச்சர் நின்றிருந்தாள்.

"அட, தங்கக்கட்டி! தூங்குதா?"

"தூங்கிச்சு."

இது சரிப்படாது என்று பையிலிருந்து தொழில் சாவியை எடுத்துத் திருப்பினான். அதற்குப் பிறகு யார் பொத்தானை அமுக்கினாலும் லிஃப்ட் நிற்காது. நத்தை வேகத்தில் அவன் சொன்னபடி போகும். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, தரைத்தளத்தில் 'பழுது பார்க்கப்படுகிறது' பலகையையும் மாட்டினான். ஆபீசிலிருந்து போன் மணி அடித்துக் குழந்தை துள்ளி விழுந்ததும் போனையும் அணைத்துவிட்டான்.

ஆனால் நத்தை வேகத்தில் இறங்கினால் அழுகையும் நத்தை வேகத்தில்தானே இறங்கும்? மாடி மாடியாக நின்று நிதானமாக அழுதது. சுவரிலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது.

"நான் வாட்ச்மேன் பேசுறேன். உள்ள யாரு?"

மெக்கானிக் குரலைக் கட்டையாக்கினான். "மெக்கானிக்."

"குழந்தை மாதிரி ஏதோ அழுவுதே?"

"கம்பி உரசுது. எண்ணெய் போடணும்."

"சீக்கிரம் போடுங்க சார். எல்லாரும் பயந்து கிடக்குறாங்க."

எண்ணெய்க்குப் பதில் பாலைக் கொடுத்துப் பார்த்தான். கம்பி துப்பிவிட்டது.

இப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. குடியிருப்பவர்கள் கம்பெனிக்குப் போன் போட்டு, "உங்க லிஃப்ட் அழுவுது" என்று புகார் சொன்னார்கள். சூப்பர்வைசர் தன் மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பார்த்தார். போன் அணைந்திருந்தது. தானே கிளம்பி வந்து, ஐந்து மாடியும் மூச்சிரைக்க ஏறிக் கதவைத் தட்டினார்.

கதவு திறந்தது.

"நீயாடா!"

"ஷ்ஷ்! இப்பத்தான் கண்ணு சொருகுது சார்."

சூப்பர்வைசரும் மூன்று பிள்ளை பெற்றவர். உள்ளே வந்து, கோபத்தை விடாமல் குரலை மட்டும் இறக்கினார். "அறிவிருக்கா உனக்கு? லீவு போட்டுட்டு கம்பெனி சாவியைத் திருப்புறியா? படி ஏற முடியாதவங்கெல்லாம் கீழ காத்துக் கிடக்குறாங்க..."

குழந்தை அவரையே பார்த்தது. வாய் திறந்தது. புட்டியைக் கவ்விச் சப்ப ஆரம்பித்தது. அவர் மூச்சு வாங்க நிறுத்தியதும் அதுவும் நிறுத்தியது.

"சார், நிறுத்தாதீங்க. திட்டுங்க."

"எல்லாம் திட்டியாச்சேடா."

"போன வருஷத்துது ஏதாவது மிச்சம் இருக்கும், பாருங்க சார்."

அவர் இவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆரம்பித்தார். தாமதமாக வந்தது, பொய் சொல்லி லீவு எடுத்தது எல்லாம் தாலாட்டு ராகத்தில் வந்தன. காணாமல்போன ஸ்பேனருக்கு அவர் வந்தபோது புட்டி காலி. குழந்தை ஒரு ஏப்பம் விட்டு, அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டது.

மெக்கானிக் காலிப் புட்டியை வெற்றிக் கோப்பைபோல் தூக்கிப் பிடித்தான்.

"ஜெயிச்சுட்டேன் சார். என் பொண்டாட்டி ராஜினாமா எழுத வேண்டியதில்லை. வர்ற நேரந்தான், வந்ததும் காட்டணும்."

ஸ்பீக்கர் மறுபடி கரகரத்தது.

"மெக்கானிக் சார், கொஞ்சம் சீக்கிரம் முடிங்க. மூணாவது மாடி அம்மா ஆபரேஷன் ஆன உடம்பு, படி ஏறக் கூடாதாம். வீட்டுக்காரர் குழந்தையைத் தூங்க வச்சுட்டு போனைக்கூட அணைச்சிருக்கார்னு பெருமையாச் சொல்லிக்கிட்டு, லிஃப்டை நிறுத்தி வச்ச மெக்கானிக்கைத்தான் அரை மணி நேரமா வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டிருக்காங்க!"